சொல்லேர் உழவர் வெப்ஸ்டர்

ஆய்வுக்கூடக் கருத்தரங்கு ஒன்றில் ‘டுடே மார்னிங்’ என்று சொல்லிவிட்டேன். ஒருவர் திருத்தினார், பலர் சிரித்தனர். ‘இன்று காலை’ என்னும் தமிழ்தான் ஆங்கில உடை உடுத்தி என் நாவில் வந்திருக்கிறது! அன்றிரவு உறக்கமின்றிக் கிடந்த எனக்குத் துணையாக வந்தவர் நோவா வெப்ஸ்டர்.

1758 அக்டோபர் 16 அன்று, ஆங்கிலேயர் ஆட்சியிலிருந்த அமெரிக்காவில், கனெக்டிகட் பகுதியில் உழவர் ஒருவரின் மகனாகப் பிறந்தார் அவர். மகன் ஏல் கல்லூரியில் படிக்கவேண்டும் என்பதற்காகத் தந்தையார் நிலத்தை அடகு வைத்தார். நம்மில் பலருக்கு இது சொந்த வீட்டுக் கதை அல்லவா?

1778இல் பட்டம் பெற்றுப் பள்ளியாசிரியரானார். விடுதலை பெற்ற நாட்டின் பிள்ளைகள் இங்கிலாந்துப் புத்தகத்தையே ஓதுவதா என்று வெகுண்டார். 1783இல் அவர் வெளியிட்ட எழுத்துக்கூட்டல் நூல், பின்னாளில் நீல அட்டைப் புத்தகம் என்று பெயர் பெற்றுக் கோடிக்கணக்கில் விற்றது.

இலக்கணம் மக்கள் வழக்கிலிருந்து பிறக்கவேண்டும். இலத்தீன் விதிகளைப் பார்த்து எழுதப்படலாகாது என்பது அவர் கொள்கை. ஒருவரையே சுட்டும்போது ‘யூ வாஸ்’ என்பதும் சரியே என்று 1789இல் வாதிட்டார். அது நிலைக்கவில்லை. ‘கலர்’ என்னும் சொல்லில் ‘யூ’ எழுத்தை அவர் நீக்கியதோ அமெரிக்காவில் நிலைத்துவிட்டது.

1828இல், எழுபதாம் வயதில், ஏறத்தாழ 70,000 சொற்கள் கொண்ட பேரகராதியை இரண்டு தொகுதிகளாகத் தந்தார். அச்சிட்டவை 2,500 படிகளே. பின்னர் இரண்டாம் பதிப்புக்காகத் தம் வீட்டையே அடகு வைத்தார். தந்தை நிலத்தை வைத்தார். மகன் வீட்டை வைத்தார்! 1843 மே 28 அன்று மறைந்தார்.

குறையற்றவர் அல்லர் அவர். அவர் காட்டிய சொற்பிறப்புகளுள் பல பிழை என்று பிற்கால ஆராய்ச்சி கண்டது. இங்கிலாந்தின் ஆதிக்கத்தை எதிர்த்தவரே, அமெரிக்கருக்குள் ஊருக்கு ஊர் பேச்சு வேறுபடுவதை விரும்பவில்லை. மற்றவர் பேச்சைத் திருத்தும் ஆசை எவரை விட்டது?

ஆயினும் அவரிடம் நான் கற்றது ஒன்றுண்டு. ஓரிடத்தில் பிழையெனப்படுவது மற்றோரிடத்தில் வழக்காக இருக்கக்கூடும். ஆய்வுக் கட்டுரையில் இதழின் மரபைத் தவறாமல் பின்பற்றுகிறேன், அது ஒழுங்கு. ஆனால் பேச்சுக்காகத் தலைகுனிவதில்லை.

சென்ற வாரம், இந்தியைத் தாய்மொழியாகக் கொண்ட அறைத்தோழரும் ‘டுடே மார்னிங்’ என்றார். அவர் மொழியிலும் அப்படித்தானாம்! இம்முறை இருவரும் சேர்ந்தே சிரித்தோம்.