சைட்டேஷன் கணக்கில் சிக்காத விஞ்ஞானி: யார் இந்த சுப்பாராவ்?

ஒரு விஞ்ஞானியை எடைபோட இன்று எத்தனை பேப்பர், எத்தனை சைட்டேஷன், எச்-இண்டெக்ஸ் எவ்வளவு என்றுதான் பார்ப்பார்கள். இந்தக் கணக்கில் ஒருபக்கம் உச்சத்திலும், இன்னொரு பக்கம் கண்ணில் படாமலும் இருப்பவர் எல்லப்பிரகடா சுப்பாராவ். சென்னையில் படித்து, அமெரிக்காவில் உலகையே மாற்றிய மருந்துகளுக்கு வழி செய்தவர்.

கதர் கோட் தந்த சிக்கல்

1895-ல், அன்றைய மதராஸ் மாகாணத்தின் பீமவரத்தில் பிறந்தார். திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளி, பிறகு மாநிலக் கல்லூரி. ராமகிருஷ்ண மிஷனில் துறவியாக ஆசை. அம்மா சம்மதிக்கல. அதனால் மெட்ராஸ் மெடிக்கல் காலேஜில் சேர்ந்தார்.

காந்தியின் அழைப்பை ஏற்று கதர் துணியில் சர்ஜரி கோட் அணிந்தது, ஆங்கிலேயப் பேராசிரியருக்குப் பிடிக்கவில்லை. கடைசியில் கையில் கிடைத்தது எம்பிபிஎஸ் அல்ல, அதைவிடக் குறைந்த எல்எம்எஸ். சென்னையில் ஆயுர்வேதக் கல்லூரி ஒன்றில் பாடம் நடத்திவிட்டு, பாஸ்டன் போனார். அதன்பிறகு ஊர் திரும்பவே இல்லை.

ஒரே பேப்பர், பல்லாயிரம் சைட்டேஷன்

ஹார்வர்டில் சைரஸ் ஃபிஸ்கேவுடன் சேர்ந்து 1925-ல் வெளியிட்ட கட்டுரைதான் அவருடைய பெரிய 'ஹிட்'. ரத்தம், சிறுநீர் போன்ற மாதிரிகளில் பாஸ்பரஸ் எவ்வளவு இருக்கு என்று கண்டுபிடிக்கும் முறை அது. மாலிப்டினம் சேர்ந்த கரைசல் நீலமாக மாறும்; நீலம் எவ்வளவு அடர்த்தியோ, பாஸ்பரஸ் அவ்வளவு அதிகம். சிம்பிள், மலிவு. அதனால் உலகம் முழுக்க லேப்களில் பரவியது. பல்லாயிரம் முறை மேற்கோள் காட்டப்பட்ட அந்த முறைக்குப் பெயரே ஃபிஸ்கே-சுப்பாராவ் முறை.

அதே முறையை வைத்து தசையில் பாஸ்போகிரியேட்டினை 1927-லும், உடலின் எனர்ஜி கரன்சியான ஏடிபியை 1929-லும் இருவரும் அறிவித்தார்கள். ஏடிபியை அதே ஆண்டு ஜெர்மனியின் கார்ல் லோமானும் தனியாகக் கண்டுபிடித்தார்.

ஆனா ஹார்வர்டில் அவருக்கு நிரந்தர வேலை கிடைக்கவில்லை. சுப்பாராவின் சில கண்டுபிடிப்புகளை ஃபிஸ்கே வெளியே வரவிடாததால், பிறர் அவற்றை மறுபடி கண்டுபிடிக்க வேண்டியிருந்தது என்று, பின்னாளில் நோபல் வென்ற ஜார்ஜ் ஹிட்சிங்ஸ் வருத்தப்பட்டிருக்கிறார். வெளியாகாத பேப்பரை யாரால் சைட் பண்ண முடியும்?

பெயர் எங்கே?

1940-ல் லெடர்லே நிறுவனத்துக்கு மாறினார். அங்கே அவர் ஆராய்ச்சியை வழிநடத்தும் தலைவர். கட்டுரைகளில் பெயர் பின்னுக்குப் போனது.

ஃபோலிக் ஆசிட்: அவர் தலைமையில் குழு செயற்கையாகத் தயாரித்தது. 1940-களின் மத்தியில் வந்த கட்டுரையில் முதல் பெயர் ராபர்ட் ஆஞ்ஜியர். சுப்பாராவின் சகோதரரைக் கொன்ற ஸ்ப்ரூ என்ற குடல் நோய்க்கு இதே ஃபோலிக் ஆசிட் பலன் தந்தது.

டிஇசி: யானைக்கால் நோய் ஒழிப்புத் திட்டத்தில் நம்ம ஊரில் வீடு வீடாகக் கொடுக்கப்பட்ட மாத்திரை. 1947 கட்டுரையில் சுப்பாராவ் பெயர் கடைசி.

அமினாப்டெரின்: ஃபோலிக் ஆசிட் போலவே இருந்து, அதன் வேலையைத் தடுத்து, புற்றுநோய் செல் பெருகாமல் செய்யும். சுப்பாராவ் குழு தயாரித்த இதை பாஸ்டனில் சிட்னி ஃபார்பர், ரத்தப் புற்றுநோய் வந்த 16 குழந்தைகளுக்குக் கொடுத்தார். 10 பேருக்குத் தற்காலிகமாக நோய் தணிந்தது. கீமோதெரபி வரலாற்றின் திருப்புமுனையான அந்தக் கட்டுரை 1948 ஜூனில் வந்தது. ஆசிரியர்கள் 5 பேர். அதில் சுப்பாராவ் பெயர் இல்லை.

கணக்கு எங்கே இடிக்குது?

கட்டுரையின் தலைப்புக்குக் கீழே யார் பெயர் இருக்கிறதோ, சைட்டேஷன் அவர்களுக்குத்தான் போகும். மூலக்கூறைத் தயாரித்தது யார், எந்தத் திசையில் தேடணும்னு சொன்னது யார் என்பதெல்லாம் அதில் ஏறாது. அதனால் சுப்பாராவின் அதிக சைட்டேஷன் பெற்ற வேலை ஒரு டெஸ்ட் முறை. அதிக உயிர்களைக் காத்த வேலையில் பாதிக்கு மேல் மற்றவர்கள் பெயரில் இருக்கிறது.

ஃபார்பர் கட்டுரை வந்து இரண்டே மாதத்தில், 1948 ஆகஸ்டில், 53 வயதில் அவர் இறந்தார். 1995-ல் இந்தியா தபால்தலை வெளியிட்டது.

அமினாப்டெரினுக்கு அடுத்து வந்த மெத்தோட்ரெக்சேட், ரத்தப் புற்றுநோயிலும் மூட்டுவாதத்திலும் இன்றும் பயன்படுகிறது. தி.நகர் மெடிக்கல் ஷாப்பில் கர்ப்பிணிக்காக வாங்கும் ஃபோலிக் ஆசிட் அட்டையிலும் சுப்பாராவின் பெயர் இருக்காது. ஆனா உள்ளே இருப்பது அவர் குழுவின் உழைப்பு.