கானுயிர்களின் காவலர் மா. கிருஷ்ணன்

உயிர்களிடத்து அன்பு பூணுதல் யாவரும் போற்றும் அறமாகும். ஆயினும், நாம் அன்பு காட்ட விழையும் ஓர் உயிரின் இயல்பு யாது, உணவு யாது, உறைவிடம் யாது என்பவற்றை அறிந்தோர் நம்மில் மிகச் சிலரே. அறியாது காட்டும் அன்பு அவ்வுயிர்க்கே இடராய் முடிவதும் உண்டு. இவ்வுண்மையைத் தம் வாழ்நாளெல்லாம் எழுத்தாலும் ஒளிப்படத்தாலும் உணர்த்திய சான்றோர் ஒருவர் சென்னை மயிலாப்பூரில் வாழ்ந்தார். அவரே இயற்கை அறிஞர் மா. கிருஷ்ணன் ஆவார்.

பிறப்பும் இளமையும்

இவர் 1912ஆம் ஆண்டு ஜூன் 30ஆம் நாள் பிறந்தார். ‘பத்மாவதி சரித்திரம்’ என்னும் புதினத்தை இயற்றிய அ. மாதவையாவே இவருடைய தந்தையார். குடும்பம் மயிலாப்பூரில் குடியேறி, நெல்லைச் சீமையிலுள்ள பெருங்குளம் என்னும் தம் ஊரின் பெயரையே இல்லத்திற்கும் சூட்டியது. 1925இல் பல்கலைக்கழகப் பேரவையில் தமிழுக்காக வாதிட்டு உரையாற்றிய தந்தையார் அவ்விடத்திலேயே உயிர் நீத்தபோது, கிருஷ்ணனுக்கு அகவை பதின்மூன்று.

அந்நாளைய மயிலாப்பூர் இன்று நாம் காணும் நெருக்கடி மிகுந்த பகுதியன்று. புதர்க்காடுகள் ஆங்காங்கே இருந்தன, நரிகளும் வெளிமான்களும் உலவின, புள்ளினங்களுக்குக் குறைவில்லை. இச்சிறுவர் கீரி ஒன்றை வளர்த்து அதன் போக்கினைக் கூர்ந்து நோக்கினார். பின்னர் மாநிலக் கல்லூரியில் தாவரவியல் பயின்றபோது, பேராசிரியர் பைசனுடன் நீலகிரி, கோடைக்கானல் மலைகளுக்குச் சென்று செடிகொடிகளை இனங்காணக் கற்றார். சட்டமும் பயின்றார்.

சண்டூர் வாழ்க்கை

1942ஆம் ஆண்டு, பெல்லாரியை அடுத்த சண்டூர் சமஸ்தானத்தில் பணி ஏற்றார். ஆசிரியர், நீதிபதி, விளம்பர அலுவலர், மன்னரின் அரசியல் செயலாளர் எனப் பல பொறுப்புகளை அங்கு வகித்தார். ஓய்வு நேரமெல்லாம் குன்றுகளிலும் காடுகளிலும் கழிந்தது. சமஸ்தானம் இந்திய ஒன்றியத்தில் இணைந்தபின் சென்னைக்குத் திரும்பினார். அதன்பின் வேறு வேலையை நாடாமல், எழுத்தையும் ஒளிப்படத்தையுமே வாழ்வாகக் கொண்டார்.

எழுத்தும் ஒளிப்படமும்

கல்கத்தாவிலிருந்து வெளிவந்த ‘ஸ்டேட்ஸ்மன்’ நாளிதழில் 1950ஆம் ஆண்டு இவர் தொடங்கிய இயற்கைக் கட்டுரைத் தொடர், 1996 பிப்ரவரி 18ஆம் நாள் இவர் மறையும் வரை நீடித்தது. நாற்பத்தாறு ஆண்டுகள்! காட்டு யானையைப் பற்றி எழுதிய அதே ஈடுபாட்டோடு, கொல்லைப்புறத்து அணிலையும் காக்கையையும் குறித்து எழுதினார். தமிழிலும் எழுதினார், அக்கட்டுரைகள் ‘மழைக்காலமும் குயிலோசையும்’ என்னும் நூலாகத் தொகுக்கப்பெற்றுள்ளன.

பல கருவிகளின் உறுப்புகளை இணைத்துத் தாமே அமைத்துக்கொண்ட கனத்த கேமராவைச் சுமந்து, நடந்தும் யானைமேல் அமர்ந்தும் காடுகளில் திரிந்து கருப்பு வெள்ளைப் படங்களை எடுத்தார். 1968இல் பெற்ற நேரு ஆய்வு நல்கையைக் கொண்டு, தென்னாட்டுப் பாலூட்டிகளின் நிலையை ஆராய்ந்தார். 1970இல் பத்மஸ்ரீ விருது இவருக்கு வழங்கப்பெற்றது.

அவர் காட்டிய நெறி

வேட்டையாடுதல் பெருமையாகக் கருதப்பட்ட காலம் அது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972இல்தான் இயற்றப்பட்டது. அதற்குப் பல்லாண்டுகள் முன்பிருந்தே கிருஷ்ணன் கானுயிர்களுக்காக வாதாடி வந்தார். ஆனால் அவற்றைப் பிடித்து வளர்ப்பதோ உணவிட்டுப் பழக்குவதோ பாதுகாப்பு ஆகாது என்பது அவருடைய துணிபு. விலங்குக்கு வேண்டுவது அதன் காடு. அக்காட்டுக்கு வேண்டுவது மனிதன் கைவைக்காதிருத்தல். அழகுக்காகவும் வருவாய்க்காகவும் அயல்நாட்டு மரங்களைக் கொணர்ந்து நடுவதை எதிர்த்து, இம்மண்ணுக்குரிய மரங்களே இம்மண்ணின் உயிர்களைப் புரக்கும் என வலியுறுத்தினார். கற்றவரும் தம் தெருவிலுள்ள மரத்தின் பெயரை அறியாதிருப்பது கண்டு வருந்தினார்.

அவர் விரும்பி எழுதிய இடங்களுள் ஒன்று வேடந்தாங்கல். நம்மவர் பலருக்குச் சொந்த ஊர்ப்பக்கமாகிய வந்தவாசிக்கு அதிகத் தொலைவில் இல்லாத ஏரி அது. நீரில் நிற்கும் மரங்களில் நாரைகளும் கொக்குகளும் நீர்க்காகங்களும் ஆண்டுதோறும் கூடு கட்டுகின்றன. அவற்றின் எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரமாகின்றது. இதனை உணர்ந்த அவ்வூர் உழவர்கள், பறவைகளை எவரும் சுடலாகாதென வேண்டி 1798ஆம் ஆண்டிலேயே ஆட்சியரிடம் ஆணை பெற்றனர். உயிர்க்கு உயிர் துணையாதல் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

நாம் செய்யத்தக்கது

கிருஷ்ணன் சிறுவராய் இருந்தபோது மயிலாப்பூரில் திரிந்த வெளிமான்கள், இன்று கிண்டித் தேசியப் பூங்காவிலும் அதனை அடுத்த வளாகங்களிலும் மட்டுமே எஞ்சியுள்ளன. அப்பூங்காவின் பரப்பு ஏறத்தாழ 2.7 சதுர கிலோமீட்டரே. ஒருவர் வாழ்நாளுக்குள் ஒரு நகரம் எத்தனை உயிர்களின் இடத்தைத் தனதாக்கிக்கொண்டது என்பதை எண்ணுங்கால் நெஞ்சம் கனக்கின்றது.

கொல்லாமையை முதல் விரதமாகக் கொண்ட நம் குடும்பங்களுக்கு இப்பெருமகனாரின் வாழ்வு ஒன்றை நினைவூட்டுகின்றது. கொல்லாதிருத்தல் அறத்தின் தொடக்கம். பிற உயிர் வாழ்தற்குரிய இடத்தைப் பறிக்காதிருத்தல் அதன் வளர்ச்சி. விடுமுறை நாளொன்றில் நம் பிள்ளைகளை அடையாற்றுக் கழிமுகத்திற்கோ வேடந்தாங்கலுக்கோ அழைத்துச் செல்வோம். ஓசையின்றி நின்று பார்க்கவும், பார்த்ததன் பெயரை அறியவும், எதையும் தொடாமல் திரும்பவும் அவர்களைப் பழக்குவோம்.