வணிகர் அமைத்த பாலம்

வாணிகம் பொருளை மட்டும் பெருக்குவதன்று. நாடுகளையும் நகரங்களையும் ஆக்க வல்லது. ஆப்பிரிக்காவின் கீழ்க்கரையிலிருந்த கில்வா என்னும் நகரம், உள்நாட்டுப் பொன்னைக் கடல்வழி வந்த வணிகர்க்கு விற்றுச் செல்வங் கொழித்தது. அக்கண்டத்தின் மேற்கே மாலிப் பேரரசு, பொன்னும் உப்பும் கைமாறிய பாலைவழிகளைத் தன் காவலிற் கொண்டு ஓங்கியது. நம் சென்னையும் வாணிகத்தால் பிறந்த நகரமே. 1639-ஆம் ஆண்டில் கிழக்கிந்தியக் கம்பெனியார், துணி வாங்கும்பொருட்டு மணற்பாங்கான ஒரு கடற்கரையில் நிலம் பெற்றனர். கோட்டை எழுந்தது, நெசவாளரும், சாயந் தோய்ப்போரும், துபாஷிகளும், பன்னாட்டு வணிகரும் அதனைச் சூழ்ந்து குடியேறினர். அவ்வாறு வந்தோருள் சிறந்தவர் கோஜா பெட்ரஸ் உஸ்கான் என்னும் ஆர்மீனியர். கோஜா என்பது பெருவணிகர்க்கு வழங்கிய மதிப்புப் பெயராகும்.

ஆர்மீனியர் நிலத்தை இழந்து வாணிகத்தால் வாழ்ந்த மக்கள். 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாரசீக மன்னர் ஷா அப்பாஸ், ஜுல்பா என்னும் ஊரில் வாழ்ந்த ஆர்மீனியரைப் பெயர்த்துத் தம் தலைநகராகிய இஸ்பஹானுக்கு அருகே குடியேற்றினார். அப்புதிய ஊரும் ஜுல்பா எனவே பெயர் பெற்றது. அங்கிருந்து அவர்கள் பட்டும் மணியும் கொண்டு பல நாடுகளுக்கும் சென்றனர். 1688-ஆம் ஆண்டில் ஆங்கிலக் கம்பெனியார் அவர்களோடு உடன்படிக்கை செய்து, தம் நகரங்களில் வாழவும் வாணிகம் புரியவும் உரிமை அளித்தனர். அவர்கள் வாழ்ந்த ஆர்மீனியன் தெருவே மக்கள் நாவில் அரண்மனைக்காரன் தெரு எனத் திரிந்தது.

ஜுல்பாவினின்றும் வந்த மரபினரான பெட்ரஸ், மணிலாவோடு வாணிகம் செய்தார். மணிலா அந்நாளில் ஸ்பானியர் ஆட்சியில் இருந்தது. மெக்சிகோ நாட்டு வெள்ளி அங்குக் கப்பல் கப்பலாக வந்து இறங்கியது. சோழமண்டலக் கரையின் துணிக்கு அங்குப் பெருமதிப்பு உண்டு. ஆயினும் ஆங்கிலேயர் கப்பல்கள் அத்துறைமுகத்தில் நுழைதல் கூடாது என்பது ஸ்பானியர் விதி. ஆகவே ஆர்மீனியர் இடைநின்று துணியைக் கொண்டுசென்று வெள்ளியைக் கொணர்ந்தனர். பெட்ரஸ் ஈட்டிய செல்வம் இத்தகையது.

அச்செல்வத்தை அவர் பூட்டி வைத்தாரல்லர். சென்னைக்குத் தெற்கே அடையாறு ஓடுகின்றது. கோட்டைப்புறத்தை ஒருபாலும், பரங்கிமலை, வேளச்சேரி, தரமணி முதலிய ஊர்களை மறுபாலுமாக அது பிரித்து நிற்கிறது. மழைக்காலத்தில் வெள்ளம் பெருகினால் வழிபோக்கர் கரையிலேயே காத்துக் கிடக்க நேர்ந்தது. சின்னமலைக்கும் பரங்கிமலைக்கும் செல்லும் அடியார்களின் துன்பம் பெரிது. இதனைக் கண்ட பெட்ரஸ், 1726-ஆம் ஆண்டில் சைதாப்பேட்டையில் தம் பொருளால் ஒரு பாலம் அமைத்தார். அதற்கு 30,000 வராகன் செலவாயிற்று. கட்டியதோடு அமையாமல், பிற்காலத்துப் பழுது பார்த்தற்கென 1,500 வராகனும் ஒதுக்கி வைத்தார். பரங்கிமலை ஏறுவார்க்குக் கற்படிகளும் அமைத்தார். வேப்பேரியில் ஓர் ஆலயமும் எழுப்பினார்.

அறம் செய்தவர்க்கும் சோதனை வாராமற் போவதில்லை. 1746-ஆம் ஆண்டில் பிரெஞ்சுக்காரர் சென்னையைக் கைப்பற்றினர். பெட்ரஸின் வீடும் பொருளும் அவர்கள் வசமாயின. தம் பக்கம் சேர்ந்தால் இழந்தவற்றைத் திரும்பப் பெறலாம் என்று அவர்கள் அறிவித்தனர். அப்போது அவர்க்கு வயது அறுபதைக் கடந்திருந்தது. ஆங்கிலேயர் மீண்டு வருவர் என்பதற்கு உறுதி யாதும் இல்லை. வணிகர் என்ற அளவில் கணக்கிட்டிருப்பின், அவர் உடன்பட்டிருக்கவேண்டும். ஆனால் தமக்கு நிழல் தந்த நகரத்துக்குக் கொடுத்த சொல்லை மாற்ற அவர் ஒருப்படவில்லை. செல்வத்தைத் துறந்து, டேனியர் வசமிருந்த தரங்கம்பாடிக்குச் சென்று தங்கினார்.

1749-ஆம் ஆண்டில் உடன்படிக்கையின்படி சென்னை மீண்டும் ஆங்கிலேயரிடம் வந்தது. போரினால் ஐயம் மிகுந்த அவர்கள், ஆர்மீனியர் இனிக் கோட்டையினுள் குடியிருத்தல் ஆகாது என விதித்தனர். குற்றமற்றோர் பலரையும் வருத்திய இவ்விதியினின்று பெட்ரஸுக்கு மட்டும் விலக்கு அளிக்கப்பட்டது. இழப்பிலும் தளராத அவருடைய வாய்மையே அதற்குக் காரணம்.

1751-ஆம் ஆண்டு சனவரித் திங்களில் பெட்ரஸ் இயற்கை எய்தினார். அவர் உடல் வேப்பேரியில் அடக்கம் செய்யப்பெற்றது. அவருடைய இதயமோ முன்னோர் ஊராகிய ஜுல்பாவுக்கு அனுப்பப்பட்டது. பிறந்த மண்ணையும் வாழ்ந்த மண்ணையும் ஒருங்கே நேசித்தவர் அவர் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ!

அவர் கட்டிய பாலம் இரு நூற்றாண்டுகளுக்கு மேல் மக்களைத் தாங்கி நின்றது. 1960-களில் அவ்விடத்தில் மறைமலையடிகள் பெயரால் புதிய பாலம் எழுந்தது. மணிலாவிலிருந்து வந்த வெள்ளி எத்தனையோ கைகள் மாறி மறைந்தது. அதில் ஒரு பகுதி மட்டும் பாலமாய் நின்று, சாதி, சமயம், நாடு என்னும் வேற்றுமை பாராமல் யாவரையும் அக்கரை சேர்த்தது. பொருள் ஈட்டுதல் அரிது. ஈட்டிய பொருளைப் பிறர்க்கு வழியாக்குதல் அதனினும் அரிது. அவ்வரிய செயலைச் செய்தமையால், கடல் கடந்து வந்த அவ்வணிகர் நம் நகரத்தாருள் ஒருவராயினார்.