கொலம்பஸை கடலுக்கு அனுப்பியது ஒரு தப்பான வரைபடமா? 1492 பயணத்தின் பின்னணி என்ன?

கிறிஸ்டோபர் கொலம்பஸ் என்றாலே அமெரிக்காவைக் கண்டுபிடித்தவர் என்றுதான் பள்ளிக்கூடத்துல படிச்சிருப்போம். உலகம் தட்டையானது என்று எல்லாரும் நம்பிய காலத்தில், அது உருண்டை என நிரூபிக்கக் கிளம்பியவர் என்றும் கேள்விப்பட்டிருப்போம். இதில் இரண்டாவது கதை உண்மையில்லை. 15-ம் நூற்றாண்டு ஐரோப்பாவில் படித்தவர்களுக்கு பூமி உருண்டை என்பது தெரிந்த விஷயம்தான்.

அப்போ சண்டை எதைப் பற்றி? அந்த உருண்டை எவ்வளவு பெரியது என்பதைப் பற்றி. அந்தக் கணக்கில் கொலம்பஸ் தப்பு, அவரைத் திருப்பி அனுப்பியவர்கள்தான் சரி.

யார் இந்த கொலம்பஸ்?

1451-ம் ஆண்டு இத்தாலியின் ஜெனோவாவில், நெசவுத் தொழில் செய்த குடும்பத்தில் பிறந்தவர். சின்ன வயதிலேயே கப்பல் ஏறிவிட்டார். 1476-ல் போர்ச்சுகல் கடற்கரைக்கு அருகே நடந்த கடற்சண்டையில் அவர் சென்ற கப்பல் மூழ்க, உயிர் தப்பிக் கரை சேர்ந்தார். பிறகு லிஸ்பன் நகரிலேயே தங்கினார்.

அந்தக் காலத்தில் கடற்பயணம் செய்ய ஆசைப்படும் ஒருவருக்கு லிஸ்பனை விட நல்ல ஊர் கிடையாது. அவருடைய தம்பி பார்த்தலோமியோவும் அங்கேதான் இருந்தார். அவருக்குத் தொழிலே கடல் வரைபடம் வரைவது. ஆட்டுத்தோலில் கையால் கோடு இழுத்து, துறைமுகப் பெயர்களை ஒவ்வொன்றாக எழுதிச் செய்யும் வேலை. அண்ணனுக்கும் அந்தக் கை இருந்தது.

கொலம்பஸின் மாமனார் போர்ட்டோ சான்டோ தீவின் ஆளுநராக இருந்தவர். அவர் விட்டுச்சென்ற வரைபடங்களையும் குறிப்புகளையும் மாமியார் மருமகனிடம் கொடுத்ததாக, கொலம்பஸின் மகன் எழுதிய வரலாறு சொல்கிறது.

எங்கிருந்து வந்தது அந்த வரைபடம்?

பாவ்லோ தோஸ்கனெல்லி, ஃபிளாரன்ஸ் நகரத்து மருத்துவர். வானியலிலும் கணக்கிலும் பெரிய ஆள். 1474-ல் இவர் லிஸ்பனில் இருந்த ஒரு பாதிரியாருக்குக் கடிதம் எழுதினார். ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போவதை விட, மேற்கே நேராகப் போனால் ஆசியா பக்கம்தான் என்பது அவர் வாதம். கூடவே தன் கையால் வரைந்த ஒரு வரைபடத்தையும் அனுப்பினார். ஒரு பக்கம் ஐரோப்பா, எதிர்ப்பக்கம் சீனா, நடுவில் கடலும் தீவுகளும் மட்டுமே. அமெரிக்கா அதில் இல்லை.

அந்த வரைபடம் இன்று நம்மிடம் இல்லை. ஆனால் கடிதத்தின் பிரதி கொலம்பஸ் கைக்கு வந்தது. அவர் மனதில் இருந்த திட்டத்துக்கு அது ஒரு உருவம் கொடுத்தது.

கணக்கு எங்கே பிசகியது?

பூமியின் சுற்றளவில் ஒரு டிகிரிக்கு எவ்வளவு தூரம் என்பதற்கு, அல் ஃபர்கானி என்ற 9-ம் நூற்றாண்டு வானியலாளரின் அளவை கொலம்பஸ் எடுத்துக்கொண்டார். அது 56 மைலும் சொச்சமும். ஆனால் அல் ஃபர்கானி சொன்னது அரபு மைல். அது இத்தாலிய மைலை விட நீளமானது. கொலம்பஸ் அதை இத்தாலிய மைலாகவே வைத்துக் கணக்குப் போட, பூமியே கிட்டத்தட்ட நான்கில் ஒரு பங்கு சுருங்கிப் போனது.

அதோடு, ஆசியா கிழக்கே மிக நீண்டு கிடக்கிறது என்று நம்பினார். ஜப்பான் அதற்கும் கிழக்கே வெகுதூரம் தள்ளி இருக்கிறது என்ற மார்க்கோ போலோவின் தகவலையும் சேர்த்துக்கொண்டார். கடைசியில் கேனரி தீவுகளில் இருந்து ஜப்பானுக்கு சுமார் 4,400 கிலோமீட்டர்தான் என்று முடிவு செய்தார். உண்மையான தூரம்? சுமார் 19,600 கிலோமீட்டர். அவ்வளவு தூரத்துக்கு சோறு தண்ணி ஏத்திட்டுப் போகிற கப்பல் அன்னைக்கு எங்கேயும் கிடையாது.

போர்ச்சுகல் மன்னரின் நிபுணர்கள் திட்டத்தை நிராகரித்தார்கள். ஸ்பெயினில் அரசி இசபெல்லா அமைத்த குழுவும் பல வருஷம் ஆராய்ந்து, கடல் அவர் சொல்வதை விட ரொம்பப் பெரியது என்று சொல்லிவிட்டது. 1492 தொடக்கத்தில் கிரானடாவை ஸ்பெயின் கைப்பற்றிய பிறகு நிலைமை மாறியது. கடைசியாக ஒருமுறை மறுக்கப்பட்டு, ஊரை விட்டே கிளம்பிய கொலம்பஸை ஆள் அனுப்பித் திரும்ப அழைத்தார் அரசி. செலவு பெரிசில்லை, ஜெயித்தால் லாபம் பெரிசு என்ற வாதம் எடுபட்டது.

கயிற்றில் போய்வந்த வரைபடம்

1492 ஆகஸ்ட் 3-ல் பாலோஸ் துறைமுகத்தில் இருந்து சாண்டா மரியா, பின்டா, நீன்யா என மூன்று கப்பல்கள் கிளம்பின. மொத்தம் சுமார் 90 பேர். செப்டம்பர் 6-ல் கேனரி தீவுகளை விட்டுப் புறப்பட்டார்கள்.

கொலம்பஸின் பயண நாட்குறிப்பின் சுருக்கத்தில் ஒரு சம்பவம் இருக்கிறது. நடுக்கடலில் தன் வரைபடத்தை பின்டா கப்பலின் தலைவர் மார்ட்டின் பின்சோனுக்கு அனுப்பியிருந்தார் கொலம்பஸ். அதில் தீவுகள் வரையப்பட்டிருந்தன. செப்டம்பர் 25-ல், நாம இந்நேரம் அந்தத் தீவுகள் பக்கம் இருக்கணுமே என்று இருவரும் கப்பலுக்குக் கப்பல் பேசிக்கொள்கிறார்கள். வரைபடம் கயிற்றில் கட்டித் திரும்பி வருகிறது. மாலுமிகளோடு உட்கார்ந்து, எங்கே இருக்கிறோம் என்று கொலம்பஸ் புள்ளி வைத்துப் பார்க்கிறார். அன்று மாலை கரை தெரிகிறது என்று பின்சோன் கத்த, எல்லாரும் கொண்டாடினார்கள். விடிந்து பார்த்தால் அங்கே கரையே இல்லை.

அக்டோபர் 12-ல்தான் நிஜக் கரை வந்தது. அது பஹாமாஸில் ஒரு தீவு. ஜப்பானை எதிர்பார்த்த தூரத்தில் வேறொரு கண்டம் குறுக்கே இருந்ததால்தான் அத்தனை பேரும் பிழைத்தார்கள்.

கண்ணால் பார்த்தும் மாறவில்லையா?

மாறவில்லை. அங்கிருந்த மக்களை இந்தியர்கள் என்றார். கியூபாவை ஆசியா என்று நினைத்து, அரபு தெரிந்த ஒருவரைச் சீனப் பேரரசரைத் தேடி உள்ளே அனுப்பினார். போனவர்கள் பார்த்தது குடிசைகளும், இலையைச் சுருட்டிப் புகைக்கிற மக்களும்தான். 1494-ல் இரண்டாவது பயணத்தில், கியூபா தீவு இல்லை, பெருநிலம்தான் என்று மாலுமிகளிடம் சத்தியமே வாங்கினார். மீறினால் அபராதம், நாக்கையும் அறுப்போம் என்று மிரட்டல் வேறு.

இதற்கான விலையை வேறு யாரோ கொடுத்தார்கள். வாக்குக் கொடுத்த தங்கமும் வாசனைப் பொருளும் போதிய அளவு கிடைக்காதபோது, 1495-ல் 500-க்கும் மேற்பட்ட தைனோ மக்களை அடிமைகளாக ஸ்பெயினுக்கு ஏற்றி அனுப்பினார். அதில் சுமார் 200 பேர் வழியிலேயே இறந்தார்கள். கட்டாய உழைப்பும் ஐரோப்பாவில் இருந்து வந்த நோய்களும் சில பத்தாண்டுகளில் அந்தச் சமூகத்தையே சிதைத்துவிட்டன. 1500-ல் நிர்வாகப் புகார்களால் கொலம்பஸே விலங்கு மாட்டி ஸ்பெயினுக்குக் கொண்டுவரப்பட்டார்.

நான்கு பயணங்கள் முடித்து, 1506 மே 20-ல் வயாடோலிட் நகரில் இறந்தார். ஆசியாவைத்தான் தொட்டோம் என்ற நம்பிக்கையை கடைசிவரை விடவில்லை. அடுத்த வருஷமே மார்ட்டின் வால்ட்சீமுல்லர் என்ற ஜெர்மானியர் புதிய உலக வரைபடம் வெளியிட்டார். அதில் அந்த நிலம் தனியாக வரையப்பட்டு, அமெரிகோ வெஸ்புச்சியின் பெயரில் அமெரிக்கா என்று எழுதப்பட்டிருந்தது.

அளவு தப்பான வரைபடம் இல்லாவிட்டால் கொலம்பஸ் கிளம்பியிருக்கவே மாட்டார். ஆனால் கரையைப் பார்த்த பிறகும் அவர் அந்த வரைபடத்தைத் திருத்த மறுத்தார். அதனால்தான் அவர் போன கண்டத்துக்கு இன்னொருவர் பெயர் வந்தது.