டிவி வாங்கும் முன் ஜான் லோகி பேர்டைக் கொஞ்சம் தெரிஞ்சுக்குங்க

வீட்டில் புது டிவி வாங்கப் போகிறார்கள் என்றால் அந்தப் பொறுப்பு கடைசியில் உங்க தலையில்தான் வந்து விழும். இன்ஜினியரிங் படிக்கிற பிள்ளைக்குத் தெரியாததா என்று சித்தப்பா வரைக்கும் போன் போட்டுக் கேட்பார்கள். நீங்க சிவிலா மெக்கானிக்கலா என்பதெல்லாம் அவங்களுக்கு ஒரு பொருட்டே இல்லை. சரி என்று ஷோரூமுக்குப் போனால் சுவர் முழுக்க டிவி. 4கே, எச்டிஆர், க்யூஎல்இடி, ஓஎல்இடி, 120 ஹெர்ட்ஸ். இதில் எதை நம்புவது?

இதே குழப்பம் 1936-ல் பிரிட்டனுக்கு வந்தது. லண்டனில் இரண்டு வகை டிவியை மாற்றி மாற்றி ஓடவிட்டுப் பார்த்து, எது வேண்டும் என்று முடிவு செய்தார்கள். அதில் தோற்றவர் யார் தெரியுமா? தொலைக்காட்சியைக் கண்டுபிடித்தவர் யார் என்ற ஒரு மார்க் கேள்விக்கு நாம எல்லாரும் எழுதின அதே ஆள்தான். ஜான் லோகி பேர்ட். அவர் ஏன் தோற்றார் என்று புரிந்தால், ஷோரூமில் என்ன பார்க்கணும் என்பதும் பாதி புரிந்துவிடும்.

சாக்ஸும் ஜாமும்

பேர்ட் 1888 ஆகஸ்ட் 13-ல் ஸ்காட்லாந்தின் ஹெலன்ஸ்பரோ என்ற கடலோர ஊரில் பிறந்தார். அப்பா ஒரு பாதிரியார். நாலு பிள்ளைகளில் இவர் கடைக்குட்டி. சின்ன வயசிலிருந்தே உடம்புக்கு முடியாத பையன். ஆனால் கை சும்மா இருக்காது. தன் அறையிலிருந்து நண்பர்கள் வீட்டுக்குக் கம்பி இழுத்து ஒரு குட்டி டெலிபோன் எக்ஸ்சேஞ்சே நடத்தினார். வீட்டுக்கு மின்விளக்கும் அவரே போட்டார்.

பிறகு கிளாஸ்கோவில் மின்பொறியியல் படித்தார். பல்கலைக்கழகத்தில் சேர்ந்த நேரத்தில் முதல் உலகப் போர் வந்தது. பட்டம் முடிக்கவே இல்லை. உடல்நிலை காரணமாக ராணுவத்திலும் எடுக்கவில்லை. ஒரு மின்சார கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே கிராஃபைட்டில் பெரிய கரண்ட்டைப் பாய்ச்சி வைரம் செய்ய முயன்றார். வைரம் வரவில்லை, சுற்றுவட்டாரத்தில் கரண்ட்தான் போனது.

அடுத்து வியாபாரம். மருந்து போட்ட சாக்ஸ் விற்றார், அது நன்றாகவே ஓடியது. உடம்பு ஒத்துழைக்காததால் அதை விட்டுவிட்டு டிரினிடாட் தீவுக்குப் போய் ஜாம் தயாரித்தார். சர்க்கரை வாசனைக்கு வந்த பூச்சிகளே பாதி ஜாமைக் காலி செய்தன. லண்டன் திரும்பி சோப் விற்றார். துருப்பிடிக்காது என்று கண்ணாடியில் ரேசர் செய்து பார்த்தார், அது உடைந்தது. நடக்க இதமாக இருக்கட்டும் என்று ஷூவுக்குள் பலூன் வைத்தார், அது வெடித்தது.

1923-ல் உடம்பு தேற ஹேஸ்டிங்ஸ் என்ற கடற்கரை ஊருக்குப் போனபோது அவருக்கு வயசு 34. கையில் வேலையும் இல்லை, பெரிதாகப் பணமும் இல்லை. அந்த நேரத்தில்தான் டிவி செய்யலாம் என்று உட்கார்ந்தார்.

தொப்பிப் பெட்டியில் ஒரு டிவி

அடிப்படை யோசனை அவருடையது அல்ல. 1884-லேயே ஜெர்மனியில் பால் நிப்கோ ஒரு வட்டத் தகட்டுக்கு காப்புரிமை வாங்கியிருந்தார். தகட்டில் சுருள் வடிவில் வரிசையாக ஓட்டைகள். தகடு சுற்றும்போது ஒவ்வொரு ஓட்டையும் படத்தின் ஒரு கோட்டை வருடிக்கொண்டு போகும். அந்த வெளிச்சத்தை மின்சாரமாக மாற்றி அனுப்பு. அந்தப் பக்கம் அதே வேகத்தில் இன்னொரு தகட்டைச் சுற்றவிட்டு, பின்னால் ஒரு விளக்கை எரிய வை. கோடு கோடாகப் படம் வந்துவிடும். காகிதத்தில் எல்லாம் சரிதான். செய்து காட்டத்தான் ஆள் இல்லை.

பேர்ட் பழைய தொப்பிப் பெட்டி, தேயிலைப் பெட்டி, சைக்கிள் விளக்கின் லென்ஸ், தையல் ஊசி, அரக்கு, பசை என்று கிடைத்ததையெல்லாம் வைத்துக் கட்டினார். நம்ம மினி ப்ராஜெக்ட் எல்லாம் இதோடு ஒப்பிட்டால் ஆடம்பரம். 1924-ல் நிழலுருவங்கள் தெரிந்தன. அதே வருஷம் பெரிய ஷாக் ஒன்று வாங்கி, கை கருகி உயிர் தப்பினார். வீட்டுக்காரர் காலி பண்ணச் சொல்லிவிட்டார். லண்டனின் சோஹோ பகுதியில் ஒரு மாடி அறைக்கு மாறினார்.

1925 அக்டோபர் 2-ல், வெளிச்சமும் நிழலும் கலந்த நிஜமான முகம் முதன்முதலாக அவர் திரையில் தெளிவாகத் தெரிந்தது. அது மனித முகம் அல்ல. ஸ்டூக்கி பில் என்று அவர் பெயர் வைத்திருந்த பொம்மைத் தலை. ஏன் பொம்மை என்றால், அந்த விளக்குகளின் சூட்டில் மனிதர் நெடுநேரம் உட்கார முடியாது. உடனே கீழே ஓடிப்போய் வில்லியம் டெய்ன்டன் என்ற ஆபீஸ் பையனை இழுத்து வந்து உட்கார வைத்தார். சூடு தாங்காமல் நழுவப் பார்த்தவனை அரை கிரவுன் காசு கொடுத்து மறுபடி உட்கார வைத்தார். 1926 ஜனவரி 26-ல் ராயல் இன்ஸ்டிடியூஷன் உறுப்பினர்கள் அந்த மாடி ஏறி வந்து பார்த்தார்கள். ஒரு மார்க் கேள்வி பிறந்த நாள் அது.

ஏன் வெறும் 30 கோடு?

அதன்பின் வேகம். 1927-ல் டெலிபோன் கம்பி வழியாக லண்டனிலிருந்து கிளாஸ்கோவுக்குப் படம் போனது. 1928-ல் அட்லாண்டிக் கடலைத் தாண்டி நியூயார்க் பக்கம் போனது. அதே வருஷம் கலர் டிவியும் காட்டினார். 1929-ல் பிபிசி டிரான்ஸ்மிட்டர் வழியாக ஒளிபரப்பு தொடங்கியது. 1930-ல் டெலிவைசர் என்ற பெயரில் அவருடைய பெட்டி கடைக்கு வந்தது.

அதன் ஸ்பெக் இதுதான்: 30 கோடுகள், நொடிக்கு 12.5 படம். மொத்தமே சுமார் 2,100 புள்ளிகள். இன்றைய 4கே டிவியில் 3,840-ஐ 2,160-ஆல் பெருக்கினால் சுமார் 83 லட்சம் புள்ளிகள். கிட்டத்தட்ட 4,000 மடங்கு.

30-க்கு மேல் போகத் தெரியாமல் இல்லை. ரேடியோவில் ஒலி போகும் அலைவரிசையிலேயே படமும் போகவேண்டும். 2,100-ஐ 12.5-ஆல் பெருக்கி இரண்டால் வகுத்துப் பாருங்க, சுமார் 13 கிலோஹெர்ட்ஸ் வரும். அவருக்குக் கிடைத்த பாதை அவ்வளவுதான். இந்தக் கணக்கு இன்றைக்கும் செல்லும். நீங்க 4கே டிவி வாங்கலாம், ஆனால் உள்ளே வருவது சாதாரண எஸ்டி சேனல் என்றால் டிவி இல்லாத புள்ளிகளை ஊகித்துத்தான் நிரப்பும். வீட்டில் பெரும்பாலும் ஓடப்போவது என்ன என்பதுதான் முதல் கேள்வி, பேனல் அதற்கப்புறம்.

1936: யாருடைய டிவி?

1930-களின் நடுவில் போட்டிக்கு மார்க்கோனி-ஈஎம்ஐ வந்தது. ஐசக் ஷோன்பெர்க் தலைமையில் பெரிய டீம், சுழலும் தகடே இல்லாத முழு எலெக்ட்ரானிக் முறை. இதற்குள் பேர்ட் கம்பெனியின் கட்டுப்பாடும் தொழில்நுட்ப முடிவுகளும் பெருமளவு வேறு ஆட்கள் கைக்குப் போயிருந்தன. கம்பெனி பெயரில் மட்டும் அவர் இருந்தார்.

1936 நவம்பர் 2-ல் லண்டனின் அலெக்சாண்ட்ரா பேலஸிலிருந்து பிபிசி தன் புதிய டிவி சேவையைத் தொடங்கியது. யார் முதலில் என்று காசு சுண்டிப் போட்டதில் பேர்ட் பக்கம் ஜெயித்தது. அதோடு சரி. வாரம் மாற்றி வாரம் இரண்டு முறையும் ஓடின.

பேர்ட் முறை 240 கோடு, நொடிக்கு 25 முழுப் படம். இன்றைய மொழியில் 240பி. ஈஎம்ஐ முறை 405 கோடு, ஒற்றைப்படைக் கோடுகள் ஒரு தடவை, இரட்டைப்படைக் கோடுகள் அடுத்த தடவை என்று நொடிக்கு 50 அரைப் படங்கள். அதாவது 405ஐ. நொடிக்கு 25 என்றால் கண்ணுக்கு மினுக் மினுக்கென்று இருக்கும்; 50 என்றால் அவ்வளவு தெரியாது. நம்ம ஊர் எச்டி சேனல்களின் 1080ஐ-யில் வருகிற ஐ இதன் வாரிசுதான்.

ஆனால் தோல்விக்கு எண்ணிக்கையை விடப் பெரிய காரணம் வெளிச்சம். தகட்டில் ஒரு நேரத்தில் ஒரு புள்ளியின் வெளிச்சம்தான் பயன்படும், மற்றதெல்லாம் வீண். அதனால்தான் டெய்ன்டன் சூட்டில் தவித்தான். ஈஎம்ஐயின் எமிட்ரான் கேமராவுக்குள் ஒளியுணரும் குட்டிக் குட்டிப் புள்ளிகள். ஒவ்வொன்றும் ஒரு கெப்பாசிட்டர் மாதிரி, தன் முறை வரும்வரை சார்ஜைச் சேர்த்துக்கொண்டே இருக்கும். அதனால் அந்தக் கேமராவை வெளியே தோட்டத்துக்கே எடுத்துப் போகலாம். பேர்ட் பக்கமோ காட்சியை ஃபிலிமில் எடுத்து, அங்கேயே சுமார் ஒரு நிமிஷத்தில் கழுவி, ஈரத்தோடு ஸ்கேன் செய்து அனுப்பினார்கள். கேமராவை இடம் மாற்ற முடியாது. நிகழ்ச்சி செய்பவர்கள் எந்த வாரம் எதை விரும்பியிருப்பார்கள் என்று சொல்லத் தேவையில்லை.

நவம்பர் 30 இரவு கிரிஸ்டல் பேலஸ் தீப்பற்றி எரிந்தது. அங்கே இருந்த பேர்ட் கம்பெனி லேபின் பெரும்பகுதி அதோடு போனது. 1937 தொடக்கத்தில் முடிவு வந்தது: இனி 405 மட்டும். அந்தத் தேர்வு லேசில் மாறவில்லை. பிரிட்டனில் 405 கோட்டு ஒளிபரப்பு முழுதாக நின்றது 1985-ல்தான்.

தோற்றவர் என்ன செய்தார்?

இங்கேதான் எனக்குப் பேர்டைப் பிடிக்கிறது. தன் பெயரோடு ஒட்டிக்கொண்ட தகட்டை அவர் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்காரவில்லை. 1939-ல் போர் வந்து டிவி நின்றது, கம்பெனி கடனில் மூழ்கியது. குடும்பத்தை லண்டனுக்கு வெளியே அனுப்பிவிட்டு, குண்டு விழும் நகரத்தில், வீட்டையே லேபாக்கி, பெரும்பாலும் சொந்தப் பணத்தில் வேலை செய்தார். தன்னைத் தோற்கடித்த அதே எலெக்ட்ரான் குழாயைக் கையில் எடுத்தார். 600 கோட்டில் கலர் படம் காட்டினார். 1944 ஆகஸ்ட் 16-ல் டெலிக்ரோம் என்ற கலர் குழாயைச் செய்தியாளர்களுக்குக் காட்டினார். நடுவில் மெல்லிய மைக்கா தகடு, இரண்டு பக்கமும் வேறு வேறு நிறம், இரண்டு எலெக்ட்ரான் கற்றைகள், சுழலும் பாகம் ஒன்றுகூட இல்லை. போருக்குப் பிறகு 1,000 கோட்டு கலர் டிவிக்குப் போகலாம் என்று அரசுக் குழுவிடமும் வாதாடினார்.

1946 ஜூன் 7-ல் பிபிசி டிவி மறுபடி வந்தது, அதே 405 கோட்டில், கறுப்பு வெள்ளையில். ஒரு வாரம் கழித்து, ஜூன் 14-ல், பேர்ட் இறந்தார். வயசு 57. ஹெலன்ஸ்பரோவில் அடக்கம் செய்தார்கள்.

சரி, ஷோரூமுக்குப் போவோம்

1936-ல் நடந்த அதே டெஸ்ட்டை நீங்களும் நடத்தலாம்.

வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று முதலில் கேளுங்க. டெலிவைசரில் பின்னால் ஒரு நியான் விளக்கு, முன்னால் அதை மறைத்து மறைத்துக் காட்டும் தகடு. இன்றைய எல்சிடியும் ஒரு வகையில் அதே ஜாதி: பின்னால் எல்இடி விளக்கு, முன்னால் மறைக்கும் திரவப் படிகம். எல்இடி டிவி, க்யூஎல்இடி டிவி என்று விற்பதெல்லாம் இதுதான். ஓஎல்இடியில் ஒவ்வொரு புள்ளியும் தானே எரியும், தானே அணையும். கறுப்பு நிஜமாகவே கறுப்பாக இருக்கும், விலையும் அதற்கேற்ப இருக்கும். பகலில் ஜன்னல் வெளிச்சம் அடிக்கிற ஹாலுக்கு நல்ல பிரகாசமான எல்சிடியே போதும். எச்டிஆர் என்று ஸ்டிக்கர் இருந்தாலும் பேனலில் பிரகாசம் குறைவு என்றால் பெரிய பலன் இல்லை.

அடுத்து தூரம். சாதாரணக் கண் பிரித்துப் பார்க்கும் அளவு சுமார் ஒரு ஆர்க்மினிட். 43 இன்ச் டிவியில் 1080 கோட்டுப் புள்ளி ஒன்று சுமார் அரை மில்லிமீட்டர். கணக்குப் போட்டால் ஐந்தரை அடிக்கு அப்பால் உட்கார்ந்தால் 4கே கூடுதலாகக் காட்டும் நுணுக்கம் கண்ணுக்கு எட்டாது. 55 இன்ச்சுக்கு அது சுமார் ஏழு அடி. சோபாவிலிருந்து சுவர் வரைக்கும் டேப் வைத்து அளந்துட்டுக் கிளம்புங்க.

கடைசியாக, கடைக்காரர் ஓடவிட்டிருக்கும் டெமோ வீடியோவை நம்பாதீங்க. மயிலும் பூவும் எந்த டிவியிலும் அழகுதான். அம்மா பார்க்கும் சீரியலை, அப்பா பார்க்கும் கிரிக்கெட்டைப் போடச் சொல்லுங்க. பந்து வேகமாக ஓடும்போது இழுக்குதா, இருட்டுக் காட்சியில் முகம் தெரியுதா, ஓரத்திலிருந்து பார்த்தால் நிறம் வெளுக்குதா என்று பாருங்க. அலெக்சாண்ட்ரா பேலஸில் முடிவு செய்ததும் ஸ்பெக் ஷீட் மட்டும் இல்லை, தினமும் ஓட்டிப் பார்த்த அந்த சில வாரங்கள்தான்.