பாட்டாளிக்கு உறவாய் வந்த பாதிரியார்

தோட்டத்தில் ரெண்டு வீட்டுக்காரர்களுக்குள் சண்டை வந்தால் யாரைக் கூப்பிடுவோம்? வாய் பெரிசா உள்ளவரையா? காசு உள்ளவரையா? இல்லை. தனக்கென்று ஒன்றும் கேட்காத ஆளைத்தான் தேடிப் போவோம். சங்க வேலையாய் ஈப்போ வட்டாரத்துத் தோட்டங்களில் ஏறி இறங்கியவன் நான். சமாதானம் பேச வருகிறவனை நம்ம ஜனங்கள் முதலில் அளந்து பார்ப்பார்கள். அப்புறந்தான் அவன் பேச்சைக் கேட்பார்கள்.

அப்படி அளந்து பார்த்து நம்ம இனத்துப் பாட்டாளிகள் ஏற்றுக்கொண்ட ஒரு வெள்ளைக்காரப் பாதிரியாரின் கதை இது. அவர் பெயர் சி.எப். ஆண்ட்ரூஸ்.

1871 பிப்ரவரி 12-ஆம் நாள் இங்கிலாந்தில் நியூகாசில் என்ற ஊரில் பிறந்தார். தகப்பனார் சபை ஊழியர். பிரிட்டிஷ் ஆட்சி கடவுள் கொடுத்த வரம் என்று நம்பியவர். பிள்ளைக்கும் அதே பெருமைதான் ஊட்டப்பட்டது. கேம்பிரிட்ஜ் படிப்புக்குப் போகிற பருவத்தில் ஒரு ராத்திரி, முழங்காலில் நின்று ஜெபித்தபோது, தன் குற்றங்குறைகள் எல்லாம் கண்முன் வந்து அவரை உலுக்கிவிட்டன. விடியும்போது மன்னிப்புக் கிடைத்த நிம்மதி. அதற்குப் பிறகு ஏசுநாதரின் வழியே தன் வழி என்று தீர்மானித்தார். லண்டனில் ஏழைகள் நெருக்கியடித்து வாழ்ந்த வால்வொர்த் பகுதியில் ஊழியம் செய்தார். 1904-இல் டில்லி செயின்ட் ஸ்டீபன்ஸ் கல்லூரிக்கு ஆசிரியராக வந்தார்.

பக்தி வந்தாலும் வெள்ளைத்தோல் பெருமை லேசில் போகுமா? அதைக் கரைத்தவர் அதே கல்லூரியில் இருந்த சுசீல் குமார் ருத்ரா என்ற வங்காளி. அவர் நட்பால் ஆண்ட்ரூஸ் இந்தியர்களின் மானத்தையும் வேதனையையும் புரிந்துகொண்டார். கல்லூரி முதல்வர் பதவி காலியானபோது, அது வெள்ளையருக்கே என்ற வழக்கத்தை எதிர்த்தார். ருத்ராவுக்கே கொடுக்க வேண்டும் என்று வாதாடினார். 1906-இல் ருத்ரா முதல் இந்திய முதல்வரானார். பேச்சில் சமத்துவம் சுலபம். நாற்காலியை விட்டுக்கொடுப்பதுதான் கஷ்டம்.

அடுத்தது தென்னாப்பிரிக்கா. நம் மக்கள் மலாயாவுக்கு வந்ததுபோலவே நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்கும் ஒப்பந்தக் கூலிகளாகப் போனார்கள். அவர்களில் தமிழர்களும் ஏராளம். ஒப்பந்தம் முடிந்தும் ஊர் திரும்பாமல், மறு ஒப்பந்தமும் எழுதாமல் தங்கினால் ஆளுக்கு வருஷம் 3 பவுன் வரி. புதிதாக வந்த கூலிக்கு மாதச் சம்பளம் 10 ஷில்லிங். அப்படியென்றால் வரி ஆறு மாதச் சம்பளம்! பெண்களும் தப்பவில்லை. அது போதாதென்று 1913-இல் ஒரு நீதிமன்றத் தீர்ப்பு, கிறிஸ்தவ முறைப்படி நடக்காத கல்யாணம் செல்லாது என்றது. மஞ்சள் கயிறு கட்டிய நம்ம தாய்மார்கள் சட்டத்தின் முன்னால் மனைவியே இல்லை என்றாகிவிட்டது. காந்தி தலைமையில் ஆயிரக்கணக்கான தொழிலாளர் வேலையை நிறுத்தினார்கள், சிறைக்குப் போனார்கள், சிலர் துப்பாக்கிக்குப் பலியானார்கள்.

இந்த நேரத்தில் கோகலே கேட்டுக்கொண்டதற்கு இணங்கி ஆண்ட்ரூஸ் கப்பலேறினார். 1914 ஜனவரி தொடக்கத்தில் டர்பன் துறைமுகத்தில் இறங்கினார். காந்தி யாரென்று அவருக்கு அடையாளம் தெரியவில்லை. மொட்டைத்தலையும் கூலித்தொழிலாளியின் வெள்ளை உடுப்புமாக நின்ற ஒல்லி மனிதரைக் காட்டினார்கள். உடனே குனிந்து அவர் காலைத் தொட்டார். அங்கிருந்த வெள்ளையர்களுக்கு ஆத்திரம் பொங்கியது. தங்கள் இனத்துக்கே அவமானம் என்று கண்டித்தார்கள். அவரோ அசையவில்லை.

கிறிஸ்தவப் பாதிரியார் ஒருவர், கிறிஸ்தவமல்லாத கல்யாணங்களின் மரியாதைக்காக வாதாடியதை எண்ணிப் பாருங்கள்! காந்திக்கும் அமைச்சர் ஸ்மட்ஸுக்கும் நடுவே நடையாய் நடந்தார். அந்தச் சமயத்தில் வெள்ளை ரயில் தொழிலாளர் வேலைநிறுத்தம் வெடித்து அரசாங்கம் தடுமாறியது. எதிரி விழுந்த நேரத்தில் மிதிக்கக் கூடாது என்று காந்தி தன் போராட்டத்தை நிறுத்தி வைத்தார். கஸ்தூரிபா கடும் நோயில் கிடந்தார். ஆனாலும் காந்தி பேச்சை விட்டு எழுந்து போகவில்லை. ஒரு வாசகத்தில் பேச்சு இடறியபோது ஆண்ட்ரூஸ் மாற்று வாசகம் தேடி இரு பக்கமும் ஒப்புக்கொள்ள வைத்தார். அதே மாதத்தில் இங்கிலாந்தில் அவருடைய தாயார் இறந்துபோனார். பெற்ற தாயின் முகத்தைக்கூட அவர் பார்க்க முடியவில்லை. அந்த வருஷமே 3 பவுன் வரி ஒழிந்தது. நம்ம முறைக் கல்யாணங்களுக்கும் அங்கீகாரம் கிடைத்தது.

அதோடு அவர் ஓயவில்லை. 1915-இல் நண்பர் பியர்சனுடன் பிஜித் தீவுக்குப் போனார். லயங்களுக்குள் நுழைந்தார், ஜனங்களிடம் விசாரித்தார், கண்டதை எழுதினார். ஐந்து வருஷ ஒப்பந்தம்; 100 ஆண்களுக்கு 40 பெண்கள் என்ற கணக்கில் ஆள் பிடித்ததால் குடும்பங்கள் சீரழிந்த கொடுமை; தற்கொலைகள். அந்த அறிக்கை இந்தியாவையே உலுக்கியது. 1917-இல் ஒப்பந்தத்துக்கு ஆளெடுப்பது நின்றது. 1920 ஜனவரி 1-ஆம் நாள் பிஜியில் மீதியிருந்த ஒப்பந்தங்களும் ரத்தாயின. மலாயாவில் அந்த முறை 1910-லேயே ஒழிந்துவிட்டது. கங்காணி முறைதான் நீடித்தது.

1921-இல் அசாம் தேயிலைத் தோட்டங்களை விட்டு வெளியேறி, சாந்த்பூரில் அடிபட்டு, காலராவில் விழுந்த கூலிகளிடமும் ஓடினார். அகில இந்தியத் தொழிற்சங்கக் காங்கிரசுக்குத் தலைவராகவும் இருந்தார். சிறையில் கிடப்பவனுக்கும் பசித்தவனுக்கும் செய்வது தனக்கே செய்வது என்று ஏசுநாதர் போதித்ததை அவர் கோயிலுக்குள் வைத்துப் பூட்டவில்லை. தீனபந்து, அதாவது ஏழைகளின் உறவினர் என்று ஜனங்கள் அவரை அழைத்தார்கள். 1940 ஏப்ரல் 5-ஆம் நாள் கல்கத்தாவில் கண்ணை மூடினார்.

தோழர்களே, தாய்மார்களே! சமாதானம் என்றால் வாயை மூடிக்கொண்டு இரு என்று சிலர் அர்த்தம் சொல்வார்கள். அது சமாதானம் இல்லை, அடிமைத்தனம். ஆண்ட்ரூஸ் செய்த சமாதானத்தில் வரி ஒழிந்தது, தாலிக்கு மதிப்பு வந்தது. ஆனால் ஊரைத் திருத்தக் கிளம்புமுன் தன் கர்வத்தை அவர் கீழே இறக்கி வைத்தார். நம்ம தோட்டத்தில் சாதி பார்த்து, கோயில் பார்த்து, கட்சி பார்த்துப் பேசாமல் இருக்கிற வீடுகள் இன்னும் இருக்கின்றன. அந்த வாசலில் முதலில் போய் நிற்கிறவன் சின்ன ஆள் ஆகிவிட மாட்டான். டர்பன் துறைமுகத்தில் குனிந்தவர் சின்ன ஆளாகவா ஆனார்?