கைநாட்டுகளுக்குக் கையெழுத்து சொல்லிக்கொடுத்த செப்டிமா கிளார்க்

அமெரிக்கக் கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டம் என்றதும் நம் மாணவர்களுக்கு இரண்டு பெயர்கள் நினைவுக்கு வரும். ஒன்று மார்ட்டின் லூதர் கிங். இன்னொன்று, 1955இல் பேருந்து இருக்கையை விட்டு எழ மறுத்துக் கைதான ரோசா பார்க்ஸ். கைதாவதற்குச் சில மாதங்களுக்கு முன்பு ரோசா பார்க்ஸ் டென்னசி மாநிலத்தில் நடந்த ஒரு பயிற்சி முகாமில் கலந்துகொண்டார். அந்த முகாமை நடத்தியவர் செப்டிமா கிளார்க் என்ற பள்ளி ஆசிரியை. தலைவர்களை அறிந்த நாம் இந்த ஆசிரியையையும் அறிந்துகொள்ள வேண்டும்.

செப்டிமா 1898 மே 3 அன்று தென் கரோலினா மாநிலத்தின் சார்ல்ஸ்டன் நகரில் பிறந்தார். தந்தை அடிமையாகப் பிறந்தவர். எழுதப் படிக்கத் தெரியாதவராகவே வளர்ந்தவர். தாய் ஹெய்ட்டி நாட்டில் வளர்ந்தவர். வீட்டிலிருந்தபடியே துணி வெளுத்துப் பிழைத்தாரே தவிர, எந்த வெள்ளையர் வீட்டிலும் வேலைக்காரியாகப் போகவில்லை என்பதில் அவருக்குப் பெருமை இருந்தது. பிள்ளைகள் படித்தே ஆக வேண்டும் என்பதில் பெற்றோர் இருவரும் உறுதியாக இருந்தார்கள்.

பள்ளிப் படிப்பை முடித்த செப்டிமாவுக்குக் கல்லூரிக்குப் போக வசதியில்லை. 1916இல், 18 வயதில், ஆசிரியை ஆனார். சார்ல்ஸ்டன் நகரின் அரசுப் பள்ளிகளில் அப்போது கறுப்பின ஆசிரியர்களுக்கு வேலை கிடையாது. கறுப்பினக் குழந்தைகள் படிக்கும் பள்ளியிலும் வெள்ளையர்தான் ஆசிரியர். அதனால் செப்டிமா படகில் ஏறி ஜான்ஸ் தீவுக்குப் போனார். அங்கே 132 பிள்ளைகளுக்கு இரண்டே ஆசிரியைகள். பருத்திக் காட்டில் வேலை இல்லாத நாளில்தான் பிள்ளைகள் பள்ளிக்கு வருவார்கள். செப்டிமாவின் சம்பளம் 35 டாலர். எதிரில் இருந்த வெள்ளையர் பள்ளியில் மாணவர்கள் மூன்று பேர். அங்கே ஆசிரியருக்குச் சம்பளம் 85 டாலர்.

பாடப் புத்தகம் போதாத அந்தப் பள்ளியில், சலவைக் கடைக் காகிதப் பைகளைப் பிரித்து, பிள்ளைகள் தங்கள் ஊரைப் பற்றிச் சொன்னதையே அதில் எழுதிச் சுவரில் ஒட்டிப் பாடமாக்கினார். மாலையில் பெரியவர்களுக்கும் எழுத்து சொல்லிக்கொடுத்தார். பின்னாளில் பெரிதாக வளர்ந்த வேலைக்கு விதை இங்கேதான் விழுந்தது.

1919இல் சார்ல்ஸ்டன் திரும்பியவர், கறுப்பின ஆசிரியர்களுக்கு நகரப் பள்ளிகளில் வேலை கேட்டு வீடு வீடாகக் கையெழுத்து வாங்கினார். அடுத்த ஆண்டே அந்தத் தடை நீங்கியது. 1920இல் திருமணம்; 1925இல் கணவர் இறந்தார். வேலை பார்த்துக்கொண்டே படித்து, 44 வயதில் இளங்கலைப் பட்டமும் 48 வயதில் முதுகலைப் பட்டமும் பெற்றார். கறுப்பின ஆசிரியர்களுக்குச் சம ஊதியம் கேட்டு நடந்த வழக்கில் துணை நின்றார். வாதாடியவர் தர்குட் மார்ஷல். பின்னாளில் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதி ஆனவர். 1945இல் வழக்கு வெற்றி பெற்றது.

சோதனை 1956இல் வந்தது. கறுப்பின மக்களின் உரிமைக்காக உழைத்துவந்த தேசிய சங்கத்தில் அரசு ஊழியர்கள் உறுப்பினராக இருக்கக் கூடாது என்று தென் கரோலினா சட்டம் போட்டது. இந்தச் சங்கத்தை நிறுவியவர்களில் ஒருவரான டூபாய்ஸுக்குத்தான் 1946இல் நம் அம்பேத்கர் கடிதம் எழுதினார். செப்டிமா உறுப்பினர் என்பதை மறைக்கவில்லை. 40 ஆண்டுகள் பார்த்த வேலை போனது. ஓய்வூதியமும் போனது.

இந்தச் சட்டத்தை எதிர்க்க வாருங்கள் என்று 726 கறுப்பின ஆசிரியர்களுக்குக் கடிதம் எழுதினார். பதில் போட்டவர்கள் 26 பேர். அதிகாரியைப் பார்க்க வருவதாகச் சொன்னவர்கள் 11 பேர். வந்து நின்றவர்கள் 5 பேர். அவருக்குப் பாராட்டு விழா எடுத்த படித்த பெண்கள்கூட அவர் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்ளப் பயந்தார்கள். வேலையில் இருக்கும் படித்தவர்களின் இந்தத் தயக்கம் நமக்கும் தெரியாததல்ல. செப்டிமா அவர்களைத் திட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடவில்லை. படிக்காதவர்களிடம் போனார்.

டென்னசியில் ஹைலேண்டர் என்ற மக்கள் பள்ளி இருந்தது. கறுப்பரும் வெள்ளையரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டு, ஒன்றாகப் படித்த இடம் அது. அங்கே பயிற்சி இயக்குநராகச் சேர்ந்தார். அப்போது தென் கரோலினாவில் வாக்காளராகப் பதிய வேண்டுமானால், சொத்து இல்லாதவர்கள் மாநில அரசியலமைப்பின் ஒரு பகுதியை அதிகாரி முன் வாசித்துக் காட்ட வேண்டும். கையெழுத்தும் போட வேண்டும். பள்ளிக்கூடத்தையே ஒழுங்காகத் தராத அரசுதான் படிப்பைத் தகுதியாகக் கேட்டது.

ஜான்ஸ் தீவில் ஈசா ஜென்கின்ஸ் என்பவர் பேருந்து ஓட்டிவந்தார். நகரத்துக்கு வேலைக்குப் போகும் கறுப்பின மக்களுக்கு, போகிற வழியிலேயே அந்தச் சட்டப் பகுதியைச் சொல்லிக்கொடுப்பார். ஒரு பெண் அதைக் காதால் கேட்டே மனப்பாடம் செய்துவிட்டார்; ஆனாலும் எழுத்தைப் பார்த்து வாசிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டார். ஈசா இடம் கேட்டுப் போனபோது பள்ளித் தலைமையாசிரியரும் போதகரும் பயந்து மறுத்தார்கள். ஹைலேண்டர் கொடுத்த வட்டியில்லாக் கடனில் ஒரு பழைய கட்டடம் வாங்கப்பட்டது. முன்பக்கம் கூட்டுறவு மளிகைக் கடை. பின்பக்கம் வகுப்பு. வெள்ளையர் யாராவது வந்து பார்த்தால் கடை மட்டும்தான் தெரியும்.

1957 ஜனவரியில் 14 பேருடன் வகுப்பு தொடங்கியது. ஆசிரியை யார் தெரியுமா? செப்டிமாவின் உறவினரான பெர்னிஸ் ராபின்சன். பெண்களுக்கு முடி அலங்காரம் செய்யும் தொழில் அவருக்கு. ஆசிரியர் பயிற்சி கிடையாது. வேண்டுமென்றேதான் செப்டிமா அவரைத் தேர்ந்தெடுத்தார். பெர்னிஸ் மக்களை மட்டம்தட்டிப் பேச மாட்டார். அவரிடம் வருகிறவர்கள் எல்லாரும் கறுப்பினப் பெண்கள் என்பதால் எந்த வெள்ளை முதலாளியும் அவர் வேலையைப் பறிக்க முடியாது.

முதல் நாள் பெர்னிஸ் பாடம் நடத்தவில்லை. உங்களுக்கு என்ன கற்றுக்கொள்ள வேண்டும் என்று கேட்டார். பெயர் எழுத வேண்டும், மணியார்டர் படிவம் நிரப்ப வேண்டும், பைபிள் வாசிக்க வேண்டும், ஓட்டுப் போட வேண்டும் என்றார்கள். அவையே பாடத்திட்டம் ஆயின. அட்டையில் எழுதிய பெயரின் மேல் திரும்பத் திரும்பக் கை ஓட்டிப் பழகினார்கள். ஒரு நாள் 65 வயது மூதாட்டி ஒருவர் எழுந்து, ஆசிரியை கையிலிருந்த கோலை வாங்கி, கரும்பலகையில் தன் பெயரைத் தானே தொட்டுக் காட்டினார். வகுப்பு முடிந்தபின் 14 பேரும் வாக்காளர் ஆனார்கள்.

இந்தக் குடியுரிமைப் பள்ளிகள் தீவு தீவாக, ஊர் ஊராகப் பரவின. அரசு பார்த்துக்கொண்டிருக்கவில்லை. 1959இல் போலீஸ் ஹைலேண்டருக்குள் புகுந்து, மது வைத்திருந்ததாகச் சொல்லி 61 வயது செப்டிமாவைக் கைது செய்தது. அந்த வழக்கு நிற்கவில்லை. ஆனால் 1961இல் பள்ளியை மூடிவிட்டார்கள். அதற்குள் கிங்கின் அமைப்பு இந்த வேலையை ஏற்றுக்கொண்டது. செப்டிமாவும் அங்கே போய்த் தென் மாநிலங்கள் முழுவதும் ஆசிரியர்களைத் தயாரித்தார். 1970 வரை ஏறக்குறைய 900 பள்ளிகள் நடந்தன. எழுதப் படிக்கத் தெரிய வேண்டும் என்ற நிபந்தனையை 1965 வாக்குரிமைச் சட்டம் உடைத்தபோது, பதிவு செய்ய மக்கள் அணியமாக இருந்ததற்கு இந்தப் பள்ளிகளும் காரணம்.

அந்த அமைப்புக்குள்ளும் அவருக்கு மரியாதை எளிதில் கிடைக்கவில்லை. செயற்குழுவில் இந்தப் பெண்மணிக்கு என்ன வேலை என்று கேட்ட ஆண் தலைவர்கள் உண்டு. எல்லா ஊர்வலத்தையும் நீங்களே நடத்தாதீர்கள், ஊருக்கு ஊர் தலைவர்களை உருவாக்குங்கள் என்று அவர் கிங்குக்கு எழுதினார். அந்தக் கடிதத்தைக் கேட்டுச் சிரித்தார்கள். இன்று படித்தால் சிரிப்பு வரவில்லை.

1975இல் சார்ல்ஸ்டன் பள்ளி நிர்வாகக் குழுவுக்கு அவர் தேர்ந்தெடுக்கப்பட்டார். எந்த நிர்வாகம் விரட்டியதோ அங்கேயே உறுப்பினராகப் போய் உட்கார்ந்தார். 1976இல் ஓய்வூதியம் திரும்பக் கிடைத்தது. 20 ஆண்டுகள் ஆகியிருந்தன. 1987 டிசம்பர் 15 அன்று, 89 வயதில் இறந்தார்.

நம் காலனிகளில் மாலைநேர வகுப்பு நடத்தும் தம்பி தங்கைகளுக்கு இந்த வாழ்க்கையில் செய்தி இருக்கிறது. கட்டடம் இல்லை, பட்டம் இல்லை, பெரிய மனிதர்கள் ஆதரவு இல்லை என்று காத்திருக்க வேண்டாம். ஒரு கடையின் பின்பக்கம் போதும். பிள்ளைகளோடு சேர்த்து, அவர்களைக் கூட்டிவரும் அம்மாவையும் ஆயாவையும் உட்கார வைத்து, என்ன கற்றுக்கொள்ள வேண்டும் என்று முதலில் கேளுங்கள். நூறு நாள் வேலைக் கணக்கோ, வங்கிப் புத்தகமோ, பட்டா நகலோ, அவர்கள் கேட்பதிலிருந்து பாடம் தொடங்கட்டும்.